மென்சவ்வை மாற்றும் முன்: ஆர்.ஓ. நிலையத்தில் நீர்வரத்து குறைந்தால் செய்ய வேண்டியவை

எங்கள் ஊர் மாத்தளை நகரிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலையும் மிளகும் அடுத்தடுத்து நிற்கும் சரிவில் இருக்கிறது. குழாய்க் கிணற்று நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நிலையம் ஒன்றை நாங்களே சங்கம் அமைத்து நடத்துகிறோம். மென்சவ்வு என்ற மெல்லிய படலத்தினூடாக நீரை அமுக்கித் தள்ளி உப்பைப் பிரிக்கும் இயந்திரம் அது; உப்பு சேர்ந்த மீதி நீர் கழிவாகப் போகும். மூன்று மென்சவ்வுகள், 1.5 கிலோவாற்று மோட்டர், மணிக்கு 600 லீற்றர் நல்ல நீர். இரண்டாம் ஆண்டில் அது 340 லீற்றருக்கு இறங்கியது. வந்து பார்த்த விற்பனையாளர் பத்து நிமிடத்தில் "மென்சவ்வு முடிந்துவிட்டது" என்றார். வீடு வீடாகச் சேர்த்த பணத்தில் மூன்றையும் மாற்றினோம். நான்கே மாதத்தில் புதியவையும் 400க்கு வந்து நின்றன.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், அளந்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். நாங்கள் தூக்கிப் போட்ட பழைய மென்சவ்வுகளில் இரண்டையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அந்தப் பணம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம். உங்கள் ஊரில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே, நான் கற்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். மென்சவ்வைக் குற்றம் சொல்வது கடைசிப் படி.

1. முதலில் கேட்க வேண்டியது: உங்களுக்கு ஆர்.ஓ. தேவைதானா?

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பீலி நீரில், அதாவது மலை ஊற்று நீரில், கரைந்த உப்பு பொதுவாக மிகக் குறைவு. அங்கே பயப்பட வேண்டியது கிருமியும், மழைக்காலச் சேறும். அதற்கு மணல் வடியும், கொதிக்கவைப்பதும், முறையான குளோரீனும் போதும். உப்பை எடுப்பதற்கான இயந்திரத்தை உப்பில்லாத நீருக்கு வாங்கி, பாதி நீரைக் கழிவாக ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாத்தளை, திகன பக்கம் கதை வேறு. நிலத்தடியில் சுண்ணாம்புப் பளிங்குப் பாறை ஓடுகிறது. தேயிலை மலைக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே டொலமைட், அது இங்கே வெட்டி எடுக்கப்படுவதுதான். அதே கல்சியமும் மக்னீசியமும் கிணற்று நீரில் கரைந்து வந்து கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகின்றன. மலையிலிருந்து கிழக்கே இறங்கினால் வில்கமுவ, மஹியங்கனை, கிராந்துருகோட்டைப் பகுதிகளில் கடினத்தன்மையோடு புளோரைட்டும் சேர்ந்துகொள்கிறது. ஆர்.ஓ.வுக்கு அங்கே நியாயம் இருக்கிறது.

எதையும் நாக்கால் தீர்மானிக்காதீர்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மொத்தக் கரைந்த திண்மம், அதாவது டி.டி.எஸ்., லீற்றருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடினத்தன்மைக்கு எல்லை 250, புளோரைட்டுக்கு 1, இரும்புக்கு 0.3 மில்லிகிராம். உங்கள் நீர் இந்த எல்லைகளுக்குள் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

2. ஆவணங்கள்: இயந்திரத்தைத் தொடும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

இரசாயனப் பரிசோதனை அறிக்கை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். கேட்கும்போது வெறும் "குடிநீர்ப் பரிசோதனை" என்று கேட்காதீர்கள். டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, பி.எச்., இரும்பு, மங்கனீசு, புளோரைட்டு, சல்பேற்று, கலங்கல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். நாங்கள் முதன்முறை இப்படிக் கேட்காததால், மென்சவ்வை அடைப்பது எது என்று சொல்லக்கூடிய காரத்தன்மையும் சல்பேற்றும் அறிக்கையில் இல்லை. மறுபடி போய், மறுபடி பணம் கட்டினோம்.

கிருமிப் பரிசோதனைக்குப் போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்க வேண்டும். கழுவிய சோடாப் போத்தல் செல்லாது. மாதிரியைப் பனிக்கட்டியோடு வைத்து 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே அதிகாலையில் எடுத்து முதல் பஸ்ஸில் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள். போயா தினத்துக்கு முந்திய நாளும் வேண்டாம்.

மென்சவ்வின் தரவுத்தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று உண்டு. எந்த அமுக்கத்தில், எந்த வெப்பநிலையில், எத்தனை லீற்றர் என்று அதில் இருக்கும். கழுவும்போது தாங்கக்கூடிய பி.எச்., வெப்பநிலை எல்லைகளும் இருக்கும். விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் அடுத்த முறை வாங்காதீர்கள்.

இயந்திரம் பொருத்திய அன்றைய அளவீடுகள், கையொப்பத்துடன். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது இதைத்தான். எங்களிடம் இருக்கவில்லை. பற்றுச்சீட்டு மட்டும் இருந்தது, அது எதற்கும் உதவவில்லை.

சங்கமாக நடத்துவதென்றால் பதிவுச் சான்றிதழ், பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுத்த கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றையும் அதே கோப்பில் வையுங்கள். கோப்பு செயலாளர் வீட்டில் இருக்கக் கூடாது, நிலையத்தில் இருக்க வேண்டும்.

3. ஒரு கொப்பி, ஆறு எண்கள்

தினமும் ஒரே நேரத்தில் இவற்றை எழுதுங்கள்: நல்ல நீரின் அளவு, கழிவு நீரின் அளவு, மென்சவ்வுக்குள் போகும் அமுக்கம், வெளிவரும் அமுக்கம், நீரின் வெப்பநிலை, உள்வரும் நீருக்கும் நல்ல நீருக்கும் உரிய டி.டி.எஸ். கடைசியை ஒரே கட்டத்தில் இரண்டாகப் பிரித்து எழுதலாம்.

நீர்மானி இல்லாவிட்டால் பத்து லீற்றர் வாளியும் கைபேசி மணிக்கூடும் போதும். வாளி நிரம்ப 60 செக்கன் எடுத்தால் மணிக்கு 600 லீற்றர். 100 செக்கன் எடுத்தால் 360. வெப்பமானி இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

4. குளிரைக் கழித்துப் பாருங்கள்

பாடசாலையில் உருளைக்கிழங்கை உப்பு நீரில் போட்டுப் பிரசாரணம் படித்திருப்பீர்கள். நீர் தானாக உப்பு அதிகமுள்ள பக்கம் போகும். அமுக்கம் கொடுத்து அதை எதிர்த்திசையில் ஓடவைப்பதுதான் ஆர்.ஓ. எதிர்த்து நிற்கும் பிரசாரண அமுக்கம், லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் உப்புக்குச் சுமார் 0.7 பார் (பார் என்பது அமுக்கத்தின் அலகு). கடல்நீரில் 35,000 மில்லிகிராம் இருப்பதால் அந்த எதிர்ப்பைச் சமன் செய்யவே 25 பாருக்கு மேல் வேண்டும். தாளையடி போன்ற கடல்நீர் நிலையங்களுக்குப் பெரிய அமுக்கப் பம்பிகள் தேவைப்படுவது அதனால்தான். எங்கள் கிணற்றில் 800 மில்லிகிராம். எதிர்ப்பு அரை பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நாங்கள் கொடுக்கும் பத்துப் பாரில் பெரும்பகுதி உப்போடு போராடச் செலவாவதில்லை. மென்சவ்வின் நுண்ணிய வழிகளுக்குள் நீரைத் தள்ளவே செலவாகிறது.

குளிர்ந்த நீர் தடிப்பானது. அது மெதுவாகத்தான் நுழையும். வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் நீர்வரத்து ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். தரவுத்தாளில் உள்ள எண் 25 பாகைக்குரியது. 25இல் 100 லீற்றர் தரும் மென்சவ்வு, எல்லாம் சரியாக இருந்தும், 20 பாகையில் சுமார் 84 லீற்றரும் 15 பாகையில் சுமார் 70 லீற்றருமே தரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். அந்த ஊரில் முப்பது சதவீதம் குறைவது பழுது அல்ல, காலநிலை.

என் தங்கை மாத்தளையில் வைத்திருந்த வீட்டு இயந்திரத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு நுவரெலியாவுக்குக் கொண்டுபோனாள். மூன்றில் ஒரு பங்கு நீர் குறைந்ததும் ஒருவர் வந்து மென்சவ்வு மாற்றிப் பணம் வாங்கிப் போனார். நீர்வரத்து ஒரு சொட்டும் கூடவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

எங்கள் கணக்கையும் தருகிறேன். பொருத்திய அன்று நீர் 27 பாகை, 600 லீற்றர். குறைந்தது என்று கூச்சல் எழுந்த தை மாதக் காலையில், இரவு முழுவதும் தாங்கியில் கிடந்த நீர் 22 பாகை. ஐந்து பாகைக்கு 15 சதவீதம், அதாவது 90 லீற்றர். எனவே அந்தக் காலையில் எதிர்பார்க்க வேண்டியது 510. வந்தது 340. உண்மையான இழப்பு 170 லீற்றர்தான். அந்த 170ஐத் தேடியே அடுத்த படிகள்.

குளிருக்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாங்கியைக் கறுப்பாக, வெயில் படும் இடத்தில் வைத்து, இயந்திரத்தைக் காலை ஆறுக்கு ஓட்டாமல் பகல் பதினொன்று முதல் ஓட்டுங்கள். எங்களுக்கு இதில் இரண்டு மூன்று பாகை கிடைத்தது. தாங்கியின் மூடி ஒளி புகாததாக இருக்க வேண்டும், இல்லையேல் பாசி பிடிக்கும்.

5. மென்சவ்வுக்கு முன்னால் நிற்பவை

ஐந்து மைக்ரோன் வடிகட்டி: அதன் இரு பக்கத்து அமுக்கத்துக்கும் இடையே 0.7 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாற்றுங்கள். மாதக் கணக்கு வைத்து மாற்றுவது மலையகத்துக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே வாரத்தில் அடைபடும். மாசி, பங்குனியில் இரண்டு மாதம் தாங்கும். மழைக்காலத்துக்கென்று பத்து வடிகட்டிகளை முன்னரே வாங்கி வையுங்கள். பாதை மண்சரிவால் மூடப்பட்டால் கடையிலிருந்து எதுவும் வராது.

அடைபட்ட வடிகட்டியைக் கழற்றித் தேய்த்துக் கழுவி மறுபடி போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தேய்த்தால் இழைகள் பிரிந்து மென்சவ்வின் வாயில் போய் உட்காரும். வடிகட்டியின் விலை மென்சவ்வின் விலையில் சிறு துளி. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கரி வடிகட்டி: இன்றைய மென்சவ்வுகளில் பெரும்பாலானவை பொலியமைட்டால் ஆனவை. குளோரீன் அவற்றைத் தின்றுவிடும். வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றில் வெளிற்றும் தூள் போடுவார். அது அவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அன்று இயந்திரத்தை நிறுத்துவது உங்கள் வேலை. குளோரீன் சோதனைத் தாள் வாங்கி, கரி வடிகட்டிக்குப் பின்னால் வரும் நீரில் குளோரீன் அறவே இல்லை என்று பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. குளோரீன் பட்ட மென்சவ்வில் நீர்வரத்து குறையாது, கூடும். ஊரே மகிழும். டி.டி.எஸ். அளவையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளே 800, வெளியே 20 என்றிருந்தது 150, 200 என்று ஏறியிருந்தால் மென்சவ்வு ஓட்டையாகிவிட்டது. அதற்குக் கழுவுதல் மருந்தல்ல.

மோட்டர்: மேட்டு நிலத்தில் வளிமண்டல அமுக்கம் குறைவு. நுவரெலியா உயரத்தில், கடற்கரையை விட ஏறத்தாழ இரண்டு மீற்றர் ஆழம் குறைவாகவே ஒரு பம்பியால் உறிஞ்ச முடியும். ஆகவே தாங்கியைப் பம்பிக்கு மேலே வையுங்கள். சரிவு நமக்குத் தரும் சலுகை இது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அமுக்கம் செலவில்லாமல் கிடைக்கும்.

6. கழிவு வால்வை இறுக்காதீர்கள்

எங்கள் நிலையத்தைக் கெடுத்தது இதுதான். நல்ல நீர் குறைந்ததும், இயந்திரம் ஓட்டிய தம்பி கழிவு வால்வைச் சற்றே மூடினான். உள்ளே அமுக்கம் ஏறியது, நல்ல நீர் கூடியது. எல்லாரும் அவனைப் பாராட்டினோம். அடுத்த மாதம் மீண்டும் குறைய, இன்னும் சற்று மூடினான்.

நடந்தது என்னவென்றால்: உள்ளே போகும் நீரில் பாதியை நல்ல நீராக எடுத்தால், மீதிப் பாதியில் உப்பு இரு மடங்காகும். முக்கால் பங்கை எடுத்தால் நான்கு மடங்காகும். எங்கள் கிணற்றின் கடினத்தன்மை 380. பாதி எடுக்கும்போது கழிவில் 760. எழுபது சதவீதத்துக்கு இறுக்கியபோது 1,200ஐத் தாண்டியது. அவ்வளவு கல்சியம் கரைந்திருக்க இடமில்லாமல் மென்சவ்வின் மேலேயே கல்லாகப் படிந்தது.

கடின நீர் உள்ள சிறு நிலையத்தில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் படிவுத் தடுப்பு மருந்து சொட்டும் சிறு பம்பி ஒன்று வேண்டும். லீற்றருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான அளவு. குடிநீருக்கு உகந்தது என்ற என்.எஸ்.எப். 60 சான்று இருக்கிறதா என்று கலனில் பாருங்கள். வால்வைச் சரியான இடத்தில் வைத்து, கைப்பிடியைக் கழற்றிக் கோப்போடு வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

கழிவு நீரைத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம். தேயிலை நாற்றுமேடைக்கு ஊற்ற வேண்டாம்.

7. கழுவுதல்

எப்போது? வெப்பநிலையைக் கழித்த பிறகும் நல்ல நீர் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால், அல்லது உள்ளே போகும், வெளிவரும் அமுக்கங்களின் வித்தியாசம் 15 சதவீதம் கூடியிருந்தால், உடனே. பாதியாகும் வரை காத்திருந்தால் படிவு இறுகிவிடும். அதன் பிறகு கழுவினாலும் பழைய நிலை திரும்பாது.

அடைத்திருப்பது எது? மூன்றையும் கழற்றி, நீர் வடியவிட்டுத் தராசில் வையுங்கள். கடைசி மென்சவ்வு மற்றவற்றை விட நிறையாக இருந்தால் சுண்ணாம்புப் படிவு. அதன் முனையில் உள்ள வெள்ளையைச் சுரண்டி, சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். முதல் மென்சவ்வின் வாயில் வழவழப்பும் சேற்று வாடையும் இருந்தால் உயிர்ப்படிவு, அதாவது கிருமிகள் ஒட்டி வளர்ந்த படலம். கபில நிறத் தூள் என்றால் இரும்பு. எங்களுக்கு முதலாவதில் வழவழப்பு, மூன்றாவதில் சுண்ணாம்பு.

தேவையானவை: 100 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய், பிளாஸ்டிக் உடல் கொண்ட சிறு பம்பி, புதிய ஐந்து மைக்ரோன் வடிகட்டி, இரண்டு குழாய், பி.எச். தாள், வெப்பமானி, கையுறை, கண்ணாடி. இயந்திரத்தின் பெரிய மோட்டரால் கழுவ முடியாது. மெல்லிய அமுக்கம், வேகமான ஓட்டம் இரண்டும் சேர்ந்தால்தான் அழுக்கு அடித்துக்கொண்டு போகும். நான்கு அங்குல மென்சவ்வுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 38 லீற்றர் ஓட்டம் வேண்டும். அமுக்கம் நான்கு பாரைத் தாண்டக் கூடாது. பம்பியைத் தோட்டத்தில் இரவல் கேட்டோம். பீப்பாய் ஏற்கெனவே இருந்தது.

இரசாயனம் எங்களுக்குத் தேவைப்பட்டது மிகக் குறைவு. மூன்று மென்சவ்வுக்கும் குழாய்களுக்கும் 60 லீற்றர் கரைசல் போதும். கோஸ்டிக் சோடா ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம். சிட்ரிக் அமிலம் நூற்றில் இரண்டு பங்கு, அதாவது 1.2 கிலோ. மூன்று புதிய மென்சவ்வுகளின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

நேரம்: ஒரு முழு நாள். முந்திய நாளே ஆயிரம் லீற்றர் நல்ல நீரைத் தனியே சேமியுங்கள். கரைசல் கலக்கவும் அலசவும் அதுதான் வேண்டும், கிணற்று நீர் கூடாது. ஊருக்கு இரண்டு நாள் முன்னரே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள். மாசி மாதம் மாத்தளை முத்துமாரியம்மன் தேர் நடக்கும் நாட்களில் இங்கே எந்த வீட்டிலும் விருந்தாளி இருப்பார்கள், அந்த வாரத்தில் வைக்காதீர்கள்.

காலை ஏழு மணிக்குக் காரக் கழுவல். நீரை 30 பாகைக்குச் சூடாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். குளிர்ந்த நீரில் கழுவினால் பாதிப் பயன்கூட இராது. மலையகத்தில் பலர் தவறவிடுவது இதைத்தான். தனியே ஒரு பானை கொதிநீர் வைத்துக்கொண்டு பீப்பாயில் கலந்து வெப்பமானியால் பாருங்கள். சோடாவை நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது. பி.எச். 12ஐத் தாண்டக் கூடாது. நல்ல நீர் வரும் குழாயைத் திறந்து, அதையும் பீப்பாய்க்கே திருப்பிவிடுங்கள். முதலில் திரும்பிவரும் பத்துப் பன்னிரண்டு லீற்றர் அழுக்காக இருக்கும், அதை வேறு வாளியில் பிடித்து வையுங்கள். பிறகு 45 நிமிடம் சுற்றவிட்டு, நிறுத்தி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் அரை மணி நேரம் சுற்றுங்கள். எங்கள் பீப்பாயில் நீர் சாயத் தேநீர் நிறத்துக்கு வந்தது.

நல்ல நீரால் அலசி, பி.எச். எட்டுக்குக் கீழ் வந்த பிறகு அமிலக் கழுவல். அதே முறை, அதே நேரம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பி.எச். பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துத் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள், இன்னும் அமிலம் சேருங்கள். ஏறுவது நின்றால் சுண்ணாம்பு முடிந்தது. பி.எச். இரண்டுக்குக் கீழ் மட்டும் போகவிடாதீர்கள்.

வழவழப்பு இருக்கும்போது அமிலத்தை முதலில் விடக் கூடாது. அது அந்த அழுக்கை மென்சவ்வோடு இறுக்கிவிடும். சுண்ணாம்பு மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் அமிலம் ஒன்றே போதும்.

கழிவறை கழுவும் அமிலத்தை விட வேண்டாம். வெளிற்றும் திரவத்தை அறவே தொட வேண்டாம். அது மென்சவ்வைக் கொல்லும். அமிலத்தோடு கலந்தால் எழும் வாயு உங்களையும் கொல்லும். பூட்டிய அறையில் இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

முடிந்ததும் இரு கழுவல் நீரையும் ஒன்றாகக் கலந்து, பி.எச். ஏழுக்கு அருகில் கொண்டுவந்த பிறகே குழியில் விடுங்கள். ஓடையில் ஊற்றாதீர்கள். நமக்குக் கீழே இன்னொரு லயத்தின் பீலி இருக்கிறது.

இயந்திரத்தை ஓட்டி, டி.டி.எஸ். பழைய அளவுக்கு வரும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், வரும் நல்ல நீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு மாலை நான்கு மணியானது. 400இல் நின்றிருந்த அதே மென்சவ்வுகள், அதே வெப்பநிலையில், 560 தந்தன.

மின்கட்டணத்திலும் இதன் பலன் தெரியும். 600 லீற்றர் தரும்போது ஆயிரம் லீற்றருக்கு எங்கள் மோட்டர் எடுப்பது 2.5 அலகு. 340க்கு இறங்கியபோது 4.4 அலகு. வாரத்துக்குப் பத்தாயிரம் லீற்றர் கொடுக்கும் நிலையத்தில் அது 19 அலகு வீண்.

8. புதிது வாங்கத்தான் வேண்டுமென்றால்

இரு முறை கழுவியும் தேறாவிட்டால், அல்லது உப்பு ஏறியிருந்தால் வாங்குங்கள். விலை டொலரோடு ஏறி இறங்குகிறது. மூன்று இடங்களில் எழுத்தில் விலை கேளுங்கள். அந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து வரவழைக்கும் லொறிக் கூலியை மறக்காதீர்கள்.

"இது மிக மெல்லியது, ஆகவே அதிக நீர் தரும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்ப வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மென்சவ்வின் உட்பகுதியை நானோ அளவில் முப்பரிமாணமாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். நீர்வரத்தைத் தீர்மானித்தது தடிப்பு அல்ல, அடர்த்தி எங்கும் ஒரே சீராக இருப்பதுதான். இங்கொன்றும் அங்கொன்றுமாக அடர்ந்த திட்டுகள் இருந்தால் அவை நீரைத் தடுக்கின்றன. சீரானவை, சற்றுத் தடிப்பாக இருந்தும், முப்பது நாற்பது சதவீதம் திறமையாக நீரைக் கடத்தின. கண்ணாலோ கையாலோ இதைத் தெரிந்துகொள்ள முடியாது. தரவுத்தாளில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை லீற்றர், எந்த அமுக்கத்தில், எத்தனை சதவீத உப்பு நீக்கத்தோடு. இரண்டு மென்சவ்வும் ஒரே அளவு நீர் தருமென்றால், குறைந்த அமுக்கத்தில் தருவதே உங்கள் மின்கட்டணத்துக்கு நல்லது.

பொருத்தும்போது றப்பர் வளையங்களுக்கு வசலின் பூசாதீர்கள். பெற்றோலிய எண்ணெய் மென்சவ்வைக் கெடுக்கும், கிளிசரின் போதும். வெளிப்புறத்துப் பெரிய றப்பர் விளிம்பு நீர் நுழையும் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் முதல் மாற்றத்தில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

9. வீட்டு இயந்திரத்துக்கு

அமிலக் கழுவல் வீட்டுக்கு வேண்டாம். வடிகட்டிகளை மாற்றுங்கள், வெப்பநிலை பாருங்கள், பிறகு சேமிப்புத் தாங்கியின் காற்றைப் பாருங்கள். தாங்கி முற்றாக வெறுமையாக இருக்கும்போது 5 முதல் 7 பி.எஸ்.ஐ. காற்று இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பியால் அடிக்கலாம். குழாயில் நீர் நூலாக வருவதற்கு, பல வீடுகளில், காரணம் இது மட்டுமே.

10. இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்போது

ஒவ்வொரு நாளும் நிறுத்தும் முன் கழிவு வால்வை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். நல்ல நீரால் அலச வழி இருந்தால் இன்னும் நல்லது. மென்சவ்வு காயக் கூடாது. காய்ந்தால் நீர்வரத்து திரும்பாது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ இரண்டு நாள் மூடினால் நீர் நிரம்பியபடி விடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால், நல்ல நீரில் நூற்றில் ஒரு பங்கு சோடியம் மெற்றாபைசல்பைட்டு கரைத்து நிரப்பி, காற்றுப் புகாமல் எல்லா வால்வுகளையும் மூடுங்கள். மாதம் ஒரு முறை அந்தக் கரைசலின் பி.எச். பாருங்கள். மூன்றை நெருங்கினால் மாற்றுங்கள். திறந்து ஓட்டும் நாளில் முதல் ஒரு மணி நேர நீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று நிலையத்தின் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.